கேமராப் பையின் எடைக் கணக்கு

கேனன் நிறுவனம் தன் மிரர்லெஸ் கேமராக்களுக்காகச் செய்யும் 50 மி.மீ. லென்ஸ்களில் இரண்டை எடுத்துக்கொள்வோம். ஒரே இடத்தில் நின்று எடுத்தால் இரண்டும் ஒரே அகலக் காட்சியைத்தான் பிடிக்கும். ஒன்றின் எடை 160 கிராம். 2020-இல் சந்தைக்கு வந்தபோது விலை 199 டாலர். மற்றது 950 கிராம்; 2018-இல் 2,299 டாலருக்கு வந்தது. முதலாவது எஃப் 1.8, இரண்டாவது எஃப் 1.2. ஆறு மடங்கு எடையும் பதினோரு மடங்குக்கு மேல் விலையும் கொடுத்து வாங்குபவருக்குக் கூடுதலாகக் கிடைக்கும் வெளிச்சம் இரண்டேகால் மடங்கு. இந்த வியாபாரம் யாருக்குக் கட்டும், யாருக்குக் கட்டாது? வாங்குவதைக் கடையோடும் சுமப்பதைத் தோளோடும் தனித்தனியாக வைத்துப் பார்க்கும்வரை இதற்கு விடை கிடைக்காது. இரண்டும் ஒரே கணக்கில் வருபவை. ஆர்வத்துக்காகப் படமெடுப்பவருக்கு, கூடுதல் கண்ணாடியை விலைக்கு வாங்கிச் சுமப்பதைவிட, அதைக் கடையிலேயே விட்டுவிட்டு நாலு எட்டு நெருங்கிப் போவதும் பத்து நிமிடம் அதிகம் காத்திருப்பதும் பெரும்பாலான படங்களுக்கு மலிவான வழி என்பது என் கட்சி. இது சிக்கனத்துக்காகச் சொல்லும் அறிவுரை அல்ல. ஒளியின் இயற்பியலே அப்படித்தான் இருக்கிறது.

எடை எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்த்துவிடலாம். லென்ஸின் குவியத் தொலைவை அதன் திறப்பின் விட்டத்தால் வகுத்தால் வருவது எஃப் எண். ஆகவே 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸின் திறப்பு ஏறக்குறைய 28 மி.மீ.; எஃப் 1.2 லென்ஸுக்கு அது 42 மி.மீ. விட்டம் ஒன்றரை மடங்கு ஆகிறது. உள்ளே வரும் ஒளி திறப்பின் பரப்பைப் பொறுத்தது என்பதால் ஒன்றரையை ஒன்றரையால் பெருக்கி இரண்டேகால் மடங்கு. கண்ணாடியின் எடையோ அதன் கன அளவைப் பொறுத்தது. இன்னொரு முறையும் பெருக்க வேண்டும், மூன்றரை மடங்கை நெருங்கிவிடும். நிஜத்தில் அது ஆறு மடங்கு ஆனதற்குக் காரணம் வேறு. லென்ஸின் ஓரத்தின் வழியாக வரும் கதிர்கள், நடுவழியே வரும் கதிர்கள் சேரும் புள்ளியில் வந்து சேர்வதில்லை. கோளப் பிறழ்ச்சி எனப்படும் இந்தக் குறையால் உண்டாகும் மங்கல், திறப்பின் விட்டம் இரட்டித்தால் எட்டு மடங்காகும். அதை அடக்கக் கண்ணாடிக்கு மேல் கண்ணாடி வைத்துத்தான் ஆகவேண்டும். எஃப் 1.8 லென்ஸுக்குள் இருப்பவை 6 கண்ணாடிகள், எஃப் 1.2 லென்ஸுக்குள் 15. வெளிச்சம் இருமடியில் ஏற, எடை மும்மடியையும் தாண்டி ஏறுகிறது. வாங்குபவர் ஒவ்வொரு படி மேலே போகும்போதும் நஷ்டக் கணக்குதான் பெரிதாகிறது.

அந்தக் கூடுதல் ஒளி எதற்கு? ஒளி துகள் துகளாக வருவது. ஓர் ஓலைக் கூரையின்மேல் முதல் தூறல் எப்படி ஒழுங்கில்லாமல் விழுமோ அப்படித்தான் சென்சாரின் ஒவ்வொரு பிக்சலிலும் ஒளித்துகள்கள் விழுகின்றன. சராசரியாக 100 துகள்கள் விழவேண்டிய இடத்தில் ஒருமுறை 92 விழும், அடுத்தமுறை 109 விழும். ஏற்ற இறக்கம் அந்த எண்ணிக்கையின் வர்க்கமூலமான 10 அளவுக்கு, அதாவது நூற்றுக்குப் பத்து. 10,000 துகள்கள் விழுந்தால் ஏற்ற இறக்கம் 100, நூற்றுக்கு ஒன்றுதான். மங்கலான அறையில் எடுத்த படத்தில் தெரியும் குருணை, நாய்ஸ் என்று நாம் குறைப்படுவது, பெரும்பாலும் இந்த எண்ணிக்கைக் குறைவின் விளைவுதான். கேமரா மட்டமானது என்பதால் மட்டும் அது வருவதில்லை. விலை உயர்ந்த கேமராவிலும் துகள்கள் குறைந்தால் குருணை வரும். ஆக, படத்தின் தரம் என்பதில் பெரும்பகுதி ஒரே கேள்வியில் அடங்கிவிடுகிறது: நாம் படம்பிடிக்கும் பொருளிலிருந்து கிளம்பிய ஒளித்துகள்களில் எத்தனை நம் சென்சாருக்கு வந்து சேர்ந்தன?

இந்த எண்ணிக்கையைத் தீர்மானிப்பவை, பொருளின்மேல் விழும் வெளிச்சத்தை விட்டுவிட்டால், மூன்றே மூன்று. திறப்பின் விட்டம், பொருளுக்கும் நமக்கும் உள்ள தூரம், ஷட்டர் திறந்திருக்கும் நேரம். விட்டத்தின் வர்க்கத்தை நேரத்தால் பெருக்கித் தூரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் விடை. கவனித்துப் பாருங்கள்: இந்தக் கணக்கில் மெகாபிக்சல் இல்லை. சென்சாரின் அளவுகூட நேரடியாக இல்லை. பெரிய சென்சார் பெரிய திறப்புள்ள லென்ஸைப் பொருத்த இடம் தருகிறது, அந்த வழியில்தான் அது உதவுகிறது. அதைவிட முக்கியமானது, விட்டமும் தூரமும் ஒன்றுக்கொன்று ஈடாக நிற்கின்றன என்பது. தூரத்தைப் பாதியாக்குவதும் விட்டத்தை இரட்டிப்பதும் ஒளிக் கணக்கில் ஒன்றுதான். கேமராக் கடை விற்பது விட்டத்தை மட்டும். தூரத்தை நம் கால்கள் குறைக்கவேண்டும். நேரத்தைப் பொறுமையும் ட்ரைபாடும் தரவேண்டும். கடைக்காரரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவரிடம் இருப்பதை அவர் விற்கிறார். ஆனால் வாங்கிய விட்டத்தின் எடையே கால்களையும் பொறுமையையும் தின்றுவிடுமானால் கணக்கின் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்குகிறது.

பறவைப் படத்தில் இது பளிச்சென்று தெரியும். சிறு நீல மீன்கொத்தி சுமார் 16 செ.மீ. நீளமுள்ள பறவை. அது 40 மீட்டர் தள்ளி ஒரு கம்பத்தில் உட்கார்ந்திருக்கிறது. உங்கள் கையில் 500 மி.மீ. லென்ஸ். சென்சாரின்மேல் விழும் அதன் உருவம் வெறும் 2 மி.மீ. ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் உயரம் 24 மி.மீ.; அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு. 24 மெகாபிக்சல் கேமராவானால் பறவையின் நீளத்துக்கு முந்நூற்று முப்பது பிக்சல் சொச்சம். 20 மீட்டருக்கு நெருங்கினால் உருவம் 4 மி.மீ.; பறவைமேல் விழும் பிக்சல்களும் நான்கு மடங்கு, பறவையிலிருந்து வந்து சேரும் ஒளியும் நான்கு மடங்கு. நெருங்காமல் இதே பலனை விலைக்கு வாங்கவேண்டும் என்றால்? நிக்கானின் 500 மி.மீ. எஃப் 5.6 லென்ஸின் திறப்பு 89 மி.மீ., எடை 1,460 கிராம். திறப்பை இரட்டித்தால் 178 மி.மீ. வரவேண்டும். விளையாட்டு மைதானங்களில் நாம் பார்க்கும் 600 மி.மீ. எஃப் 4 லென்ஸே 150 மி.மீ.தான், கேனன் அதை 2018-இல் 3,050 கிராமுக்குக் கொண்டுவந்தபோது விலை 12,999 டாலர். 178-ஐத் தாண்டிய லென்ஸும் ஒன்று இருந்தது: கேனனின் பழைய 1,200 மி.மீ. எஃப் 5.6. திறப்பு 214 மி.மீ., எடை பதினாறரைக் கிலோ. இருபது மீட்டர் நடைக்கு ஈடான கண்ணாடி அந்த அளவில்தான் இருக்கும்.

தூரத்தைக் குறைக்க முடியாத இடங்கள் உண்டே என்று கேட்கலாம். உண்டு. வேடந்தாங்கலில் கரையிலும் கோபுரத்திலும் நின்றுதான் பார்க்கவேண்டும். ஏரிக்குள் இறங்கக்கூடாது, கூடுகட்டும் பறவையை நெருங்கித் துரத்துவது படத்துக்காகச் செய்யும் பாவம். அங்கே விட்டத்துக்கு வேலை இருக்கிறது. ஆனால் திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் ஊருக்குள் வீட்டுக் கொல்லை மரங்களிலேயே கூடு வைக்கின்றன. மனிதரைப் பார்த்து அவை மிரளுவதில்லை. அங்கே ஒரு சாதாரண 70-300 ஜூம் போதும். எந்தக் காட்சிக்கு எந்தத் தூரம் கட்டாயம் என்று தெரிந்துகொள்வது பறவையைப் பற்றிய படிப்பு. கேமராவைப் பற்றிய படிப்பைவிட அது மலிவு, பலனும் அதிகம். இன்னொன்றும் சொல்லவேண்டும். வெயில் ஏறிய பிறகு நீர்ப்பரப்பின்மேல் காற்று அலையாடும். 89 மி.மீ. திறப்பு கொள்கையளவில் 40 மீட்டர் தூரத்தில் கால் மில்லிமீட்டருக்குச் சற்றுப் பெரிய நுணுக்கத்தையே பிரித்துக் காட்டிவிடும். ஆனால் அந்தக் கானல் அலை அதைவிடப் பெரிய நுணுக்கங்களையும் கலைத்துவிடும். பகல் பதினொரு மணிக்கு 12,999 டாலர் லென்ஸும் தோற்கும். காலை ஆறரைக்குச் சாதாரண லென்ஸும் ஜெயிக்கும். எடை குறைந்த பை வைத்திருப்பவர் ஆறரைக்கே அங்கு போய்ச் சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பதையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

மூன்றாவது உறுப்பான நேரத்துக்கு நடன மேடை நல்ல சோதனை. அபிநயத்தில் ஒரு கை நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் அசைவதாக வைத்துக்கொள்வோம். ஷட்டர் நொடியில் அறுபதில் ஒரு பங்கு திறந்திருந்தால் அந்தக் கை மூன்று செ.மீ.க்கு மேல் நகர்ந்துவிடும், விரல்கள் கரைந்துபோகும். ஐந்நூறில் ஒரு பங்கானால் 4 மி.மீ.தான். ஆனால் நேரத்தை எட்டில் ஒன்றாக்கினால் ஒளியும் எட்டில் ஒன்றாகும். ஃபிளாஷுக்கு அனுமதி இருக்காது. நேரம் போயிற்று, வெளிச்சம் கையில் இல்லை, மிச்சம் தூரமும் விட்டமும். பதினைந்தாம் வரிசையில் உட்கார்ந்து 70-200 எஃப் 2.8 பிடிப்பவரும் நான்காம் வரிசையில் 85 மி.மீ. எஃப் 1.8 பிடிப்பவரும் ஏறத்தாழ ஒரே படத்தை எடுக்கலாம்; முன்னவர் கையில் ஒரு கிலோவுக்கு மேல், பின்னவர் கையில் அதில் பாதிகூட இருக்காது. மூன்றில் இரண்டு உறுப்புகள் முழுக்கக் கட்டிப்போடப்பட்ட நிலைக்குச் சினிமாவில் ஓர் உதாரணம் உண்டு. 1975-இல் வெளிவந்த பாரி லிண்டனில் ஸ்டான்லி குப்ரிக் மெழுகுவத்தி வெளிச்சத்திலேயே காட்சிகளைப் பிடித்தார். நொடிக்கு 24 சட்டம் என்பதால் நேரத்தை நீட்ட வழியில்லை. நடிகர்கள் நிற்கும் தூரமும் மாற்ற முடியாதது. ஆகவே நாசாவுக்காக ஸைஸ் நிறுவனம் செய்த 50 மி.மீ. எஃப் 0.7 லென்ஸைத் தேடிப்பிடித்தார். திறப்பு 71 மி.மீ. அவருக்கு அது ஆடம்பரமாக இருக்கவில்லை. கணக்கில் வேறு வழியே இல்லை.

இனி சுமப்பதற்கு வருவோம். 1910-களில் ஜெர்மனியின் வெட்ஸ்லாரில் லைட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஆஸ்கர் பார்னாக்குக்கு ஆஸ்துமா. கண்ணாடித் தகடு போடும் பெரிய கேமராவைத் தூக்கிக்கொண்டு மலையேற அவரால் முடியவில்லை. 35 மி.மீ. சினிமாச் சுருளைப் படுக்கைவாட்டில் ஓட்டி, 24-க்கு 36 மி.மீ. சட்டத்தில் சிறிய நெகட்டிவ் எடுத்துப் பிறகு பெரிதாக்கிக்கொள்ளும் கேமராவைச் செய்தார். 1925-இல் லைப்ஸிக் சந்தையில் அது லைக்கா என்ற பெயரில் வெளிவந்தது. அதிலிருந்த 50 மி.மீ. எஃப் 3.5 லென்ஸின் திறப்பு 14 மி.மீ.தான். பெரிய தகட்டின் நுணுக்கத்தில் கணிசமான பங்கைத் தெரிந்தே விட்டுக்கொடுத்து, கோட்டுப் பையில் அடங்கும் கேமராவை அவர் வாங்கிக்கொண்டார். அடுத்த ஐம்பது ஆண்டுகளின் தெருப் புகைப்படக் கலை, பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்ட்டியே-பிரெஸ்ஸோனின் படங்கள் உட்பட, அந்த விட்டுக்கொடுத்தலின்மேல்தான் நின்றது. விட்டத்தைக் குறைத்துத் தூரத்தை வென்ற பெரிய பேரம் அது. இன்று ஃபுல் ஃப்ரேம் என்று பெருமையாகச் சொல்லும் அளவு, அந்தக் காலத்தில் எடைக்குப் பயந்து சுருக்கிய அளவு என்பது ஒரு வேடிக்கை.

எடை என்பது தராசில் தெரியும் எண் மட்டுமில்லை. உடம்பில் அது எங்கே தொங்குகிறது என்பதும் சேர்ந்ததுதான். கென்யாவின் லுவோ, கிகூயு இனப் பெண்கள் தம் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குவரை தலையிலோ நெற்றிப் பட்டையிலோ சுமந்து நடக்கும்போது கூடுதல் ஆற்றலே செலவாவதில்லை என்று 1986-இல் நேச்சர் இதழில் ஓர் ஆய்வு வந்தது. சிறுவயதுப் பழக்கமும் நடையின் நயமும் அதற்குக் காரணம், நம்மால் முடியாது. ஆனால் பாரம் உடலின் நடுக்கோட்டுக்கு அருகே இருக்கவேண்டும் என்ற பாடம் எல்லோருக்கும் பொருந்தும். நாம் செய்வதோ நேர்மாறு. இரண்டு கிலோ கேமராவையும் லென்ஸையும் கையில் ஏந்தும்போது அதன் நடு எடை முழங்கை மூட்டிலிருந்து சுமார் 30 செ.மீ. தள்ளி இருக்கிறது. அதைத் தாங்கும் புயத் தசையின் நாணோ மூட்டிலிருந்து 4 செ.மீ. தூரத்தில்தான் எலும்பைப் பிடித்திருக்கிறது. நெம்புகோல் கணக்குப்படி இரண்டு கிலோவுக்குத் தசை இழுக்கவேண்டியது பதினைந்து கிலோ. இரண்டு கையும் பங்கிட்டுக்கொண்டாலும், முன்கையின் சொந்த எடையையும் சேர்த்தால் ஒரு பறவை திரும்பிப் பார்க்கும்வரை காத்திருப்பது தண்டனைதான். கழுத்தில் தொங்கவிட்டால் கழுத்தின் பின்தசைகளுக்கு அதே கதி. குறுக்காகத் தோளில் மாட்டும் பட்டையும், பெரிய பையானால் இடுப்புப் பட்டையும் இதனால்தான் காசுக்குப் பெறும்: பாரத்தில் ஒரு பகுதியை இடுப்பெலும்புக்கு அவை இறக்கிவிடுகின்றன. முதுகுப் பையிலும் ஒரு சங்கடம் உண்டு. வசதியாக முதுகில் ஏறிக்கொண்ட லென்ஸ், ஜிப்பைத் திறந்து வெளியே வருவதற்குள் காட்சி போய்விடும். பையில் இருக்கும் லென்ஸின் திறப்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அது பிடிக்கும் ஒளி பூஜ்யம்.

கனமான கேமரா கையில் ஆடாது என்பது பழைய வாதம். அதில் பாதி உண்மை. நம் கைகளில் நொடிக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை இயல்பாகவே ஒரு மெல்லிய நடுக்கம் உண்டு. நிறை கூடினால் அந்த நடுக்கத்தால் கேமரா அசைவது குறையும். ஆனால் சில நிமிடங்களில் தசை களைத்து, அந்த நடுக்கமே பெரிதாகிவிடும். 1995-இல் கேனன் 75-300 மி.மீ. லென்ஸில் அசைவுத் தடுப்பைக் கொண்டுவந்த பிறகு, குறிப்பாகச் சென்சாரே அசைந்து ஈடுகட்டும் இன்றைய கேமராக்களில், இந்த வாதத்துக்கு இருந்த பிடிமானமும் போயிற்று. நிற்கும் பொருளுக்கு அசைவுத் தடுப்பு என்பது எடையில்லாத ட்ரைபாட் மாதிரி, நேரத்தை நீட்டித் தருகிறது. ஓடும் குழந்தைக்கு அது ஒன்றும் செய்யாது.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது. சென்சார்கள் ஆண்டுக்காண்டு முன்னேறுகின்றனவே, புதிய பாடி ஒன்று வாங்கினால் சின்ன லென்ஸிலேயே வேலை நடக்குமே என்பது. கடந்த காலத்துக்கு இது முழுக்க உண்மை. ஃபிலிம் தன்மேல் விழும் ஒளித்துகள்களில் நூற்றுக்கு ஓரிரண்டைத்தான் பயன்படுத்தியது. இன்றைய சென்சார் தன் வண்ண வடிகட்டியைத் தாண்டி வருபவற்றில் பாதிக்கு மேல் எண்ணிவிடுகிறது. பாதியைத் தாண்டியாயிற்று என்றால், இனி எவ்வளவு முன்னேறினாலும் இரண்டு மடங்குகூட வராது. ஒளித்துகளை நூற்றுக்கு நூறுக்கு மேல் எண்ண முடியாது. பத்து ஆண்டு பழைய நல்ல பாடிக்கும் புதியதற்கும் இடையே ஃபோகஸ் வேகத்திலும் வீடியோவிலும் பெரிய வித்தியாசம் இருக்கலாம், வெளிச்சக் கணக்கில் அவ்வளவு இருக்காது. ஆகவே செகண்ட் ஹேண்ட் பாடி வாங்குவது பொழுதுபோக்குக்காரருக்குப் புத்திசாலித்தனம். மிரர்லெஸ் வந்ததால் எல்லாமே இலேசாகிவிட்டது என்பதையும் கொஞ்சம் சந்தேகத்தோடு கேட்கவேண்டும். பழைய கேமராக்களுக்குள் இருந்த பிரதிபலிப்புக் கண்ணாடியும் பட்டகமும் போனதில் சோனியின் முதல் ஏ7 2013-இல் 474 கிராமுக்கு வந்தது. அதே வரிசையின் நான்காம் தலைமுறை 658 கிராம். பெரிய பேட்டரியும் அசைவுத் தடுப்பும் பிடிமானமும் வேண்டும் என்று கேட்டோம், தந்தார்கள். லென்ஸ் பக்கம் பொறியியல் உண்மையிலேயே சாதித்திருக்கிறது: கேனனின் 600 மி.மீ. எஃப் 4 1999-இல் 5,360 கிராம், 2018-இல் 3,050. புளோரைட் படிகம், மெக்னீசியக் கலவை, முன்பக்கக் கனத்தைப் பின்னுக்குத் தள்ளிய வடிவமைப்பு என்று பல வித்தைகள். ஆனால் 150 மி.மீ. திறப்பை யாரும் சுருக்கவில்லை, சுருக்கவும் முடியாது. எடை குறைந்ததற்கான கட்டணம் விலையில் ஏறியிருக்கிறது.

கைபேசி இருக்க கேமரா எதற்கு என்று கேட்பவருக்கும் இதே சூத்திரம் விடை சொல்கிறது. நல்ல கைபேசி ஒன்றின் முதன்மை லென்ஸின் குவியத் தொலைவு 7 மி.மீ. அளவு, எஃப் 1.8 அளவு, திறப்பு 4 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. நம் கண்மணி இருட்டில் விரிவதைவிடச் சிறியது. அதே தூரத்தில் நிற்கும் அதே முகத்திலிருந்து 28 மி.மீ. திறப்பு வாங்கும் ஒளி அதைப்போல் ஏறத்தாழ 50 மடங்கு. கைபேசி இதை நேரத்தால் ஈடுகட்டுகிறது. பல படங்களைச் சரசரவென்று எடுத்து, அசைவைத் திருத்தி, ஒன்றாகக் கூட்டுகிறது. கூகுள் 2018-இல் பிக்சல் ஃபோன்களில் கொண்டுவந்த நைட் சைட் இந்த வழியின் நல்ல எடுத்துக்காட்டு. கோபுரம், சாப்பாட்டு இலை போன்றவை அசையாதவை. அவற்றுக்கு இது அற்புதமாக வேலை செய்கிறது. இவற்றை மட்டும் எடுப்பவர் கேமராவே வாங்கவேண்டாம் என்பேன். அசையும் பொருளில் கூட்டல் பலிக்காது. அப்போது மென்பொருள், தான் பயின்ற லட்சக்கணக்கான படங்களிலிருந்து இங்கே இறகு இப்படித்தான் இருந்திருக்கும் என்று யூகித்து நிரப்புகிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த இறகிலிருந்து ஒளி வரவில்லை.

பின்னணி கரைந்து முகம் மட்டும் துலங்கும் அழகுக்காகவே எஃப் 1.2 வாங்குகிறோம், வெளிச்சத்துக்காக அல்ல என்பவர்களின் வாதம் நியாயமானது. அந்தக் கரைவும் திறப்பின் விட்டத்தைப் பொறுத்ததே. அதை நடந்து ஈடுகட்டினால் முகத்தின் பரிமாணம் மாறிவிடும், மூக்கு பெரிதாகும். அந்தத் தோற்றம்தான் வேண்டும் என்று தெரிந்து வாங்குபவரிடம் எனக்கு வழக்கு இல்லை. தெரியாமல், பெரியது நல்லது என்ற கணக்கில் வாங்கி எஃப் 8-இலேயே எடுத்துக்கொண்டிருப்பவரிடம்தான் இருக்கிறது. எஃப் 8-இல் இரண்டு 50 மி.மீ. லென்ஸ்களுக்கும் திறப்பு ஒன்றுதான், 6 மி.மீ. சொச்சம். கல்யாணப் படமெடுப்பவரும் பத்திரிகைக்காரரும் 24-70, 70-200 இரண்டையும் சுமக்கிறார்கள் என்பதும் நமக்கு முன்னுதாரணம் ஆகாது. தாலி கட்டும் நொடியில் நான்கு எட்டு நெருங்க அவர்களுக்கு இடமில்லை, திரும்ப எடுக்கவும் முடியாது. படம் இல்லாமல் வீடு திரும்பும் உரிமை அவர்களுக்கு இல்லை. பொழுதுபோக்குக்காரருக்கு இருக்கிற பெரிய சொத்தே அந்த உரிமைதான். கேனன் ஆர்6 பாடியுடன் எஃப் 2.8 ஜூம்கள் இரண்டும் சேர்ந்தால் 2,650 கிராம். அதே பாடியுடன் சின்ன 50 மி.மீ. மட்டும் என்றால் 840. உள்நாட்டு விமானத்தில் கைப்பைக்குத் தரும் 7 கிலோவில் பையின் எடை, சார்ஜர், லேப்டாப் எல்லாம் போக என்ன மிஞ்சுகிறது என்று பார்த்தால் இந்த வித்தியாசம் உறைக்கும். உபரி லித்தியம் பேட்டரிகளைச் சரக்குப் பெட்டியில் போடவும் விடமாட்டார்கள், அவையும் கையோடுதான்.

நம் ஊர்த் தட்பவெப்பமும் குறைவாக வைத்திருப்பவர் பக்கமே நிற்கிறது. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு எழுபதை ஒட்டித் தொடர்ந்து இருந்தால் லென்ஸுக்குள் பூஞ்சை முளைக்கும். சென்னையிலும் நாகையிலும் கொழும்பிலும் அது அன்றாட நிலை. சிலந்தி வலை மாதிரி படரும் அந்த இழைகள் கக்கும் அமிலம் கண்ணாடியின் பூச்சை அரித்துவிடும், பிறகு துடைத்தாலும் வடு போகாது. வாரம் ஒருமுறை வெயிலும் காற்றும் பார்க்கும் லென்ஸுக்கு இந்த ஆபத்து குறைவு. பீரோவில், அதுவும் தோல் உறைக்குள், மாதக்கணக்கில் தூங்கும் லென்ஸுக்குத்தான் அதிகம். இன்னொரு தொல்லை ஏ.சி. அறையிலிருந்து கடற்கரைக்குப் போகும்போது. 22 பாகையில் குளிர்ந்த கண்ணாடி, பனிநிலை 25 பாகையாக உள்ள காற்றைத் தொட்டதும் மொத்தமாக வேர்த்துவிடும். ஒரு லென்ஸ் சூடேற எடுக்கும் நேரம் அதன் பருமனோடு கூடும் என்பதால் பெரிய லென்ஸ்காரர் உதயத்தைத் தவறவிட்டுத் துடைத்துக்கொண்டே நிற்பார். கிளம்புமுன் பிளாஸ்டிக் உறையில் இறுக மூடி, வெளியே போனதும் உறைக்குள்ளேயே சூடேற விடுவது எளிய மருந்து. ஈரம் கண்ணாடிமேல் படியாமல் உறையின்மேல் படியும். செகண்ட் ஹேண்டில் வாங்குபவர் ஒரு டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்துச் சாய்வாகப் பார்த்துவிட்டுத்தான் பணம் எண்ணவேண்டும்.

அடுத்த லென்ஸுக்கு முன்பணம் கட்டுமுன் ஒன்று செய்யுங்கள். நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் குவியத் தொலைவு, எஃப் எண், ஷட்டர் நேரம் மூன்றும் எக்ஸிஃப் தரவாகப் பதிந்திருக்கின்றன. உங்களுக்கே பிடித்த நூறு படங்களை எடுத்து அந்த மூன்றையும் வரிசையாகப் பாருங்கள். ஷட்டர் நேரம் போதாமல் கலங்கிய படங்கள் நிறைய இருந்து, நெருங்கிப் போகவும் வழியில்லாமல் இருந்தால், தாராளமாகப் பெரிய திறப்பை வாங்குங்கள். எடையைச் சுமப்பதில் அர்த்தம் இருக்கிறது. பெரும்பாலானவை எஃப் 5.6-க்கும் 8-க்கும் இடையே, ஒன்றிரண்டு குவியத் தொலைவுகளில் எடுத்தவையாக இருந்தால் உங்களிடம் இருப்பதே போதும். அந்தப் பணத்தில் லென்ஸை ஈரம் அண்டாமல் வைக்க ஒரு டிரை கேபினெட்டும், கூந்தன்குளத்துக்கு டிக்கெட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.